உடைந்த செயற்கைக்கோள் கூரைமேல் விழுமா?

கேள்வி: கோத்தகிரி அருகே ஒன்றரை ஏக்கரில் தேயிலையும் கேரட்டும் போட்டிருக்கிறேன். ஏவுகணையால் செயற்கைக்கோளை நொறுக்க முடியும் என்று படித்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. நொறுங்கியது எங்கள் தகரக்கூரைமேல் விழுமா? மழை எச்சரிக்கை, டிவி, மகன் ஓட்டும் வாடகைக் காரின் ஜி.பி.எஸ். எல்லாம் நின்றுபோகுமா? இப்போதே என்ன செய்துவைக்கலாம்?

பதில்: கூரையைப் பற்றிய கவலையை விடுங்கள். சிறு துண்டுகள் காற்றுமண்டலத்தில் நுழையும்போதே எரிந்துவிடும். அரிதாகப் பெரிய பாகம் ஏதேனும் தரைக்கு வந்து தோட்டத்தில் கிடந்தால், தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அதில் நச்சு எரிபொருள் மிஞ்சியிருக்கக்கூடும்.

என்னை உறுத்துவது, விழாமல் மேலேயே தங்கிவிடும் துண்டுகள். 2007 ஜனவரியில் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளைச் சுமார் 860 கிலோமீட்டர் உயரத்தில் உடைத்தது. ரேடாரில் தென்படும் அளவுள்ள துண்டுகள் மட்டுமே 3,000-க்கு மேல். அங்கே காற்றின் உரசல் அற்பம் என்பதால் பெரும்பாலானவை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2019 மார்ச் 27 அன்று நாம் செய்த சோதனை 300 கிலோமீட்டருக்கும் கீழே நடந்ததால் சிதறல்களில் பெரும்பகுதி சில மாதங்களில் எரிந்துபோனது. ஆனாலும் மோதிய வேகத்தில் சில துண்டுகள் மேலே எகிறின. 2021 நவம்பரில் ரஷ்யா உடைத்தபோது, விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும் தங்கள் விண்கலங்களுக்குள் ஒதுங்க வேண்டியிருந்தது.

அந்தத் துண்டுகளின் வேகம் நொடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல். நம் பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் திணறித் திணறி இறங்கும் மேட்டுப்பாளையம் வரையான 33 கிலோமீட்டரை ஐந்தே நொடியில் கடந்துவிடும். அந்த வேகத்தில் ஒரு போல்ட் பட்டாலும் செயற்கைக்கோள் பாழ். அதிலிருந்து தெறிப்பவை வேறொன்றில் மோதும். மலைப்பாதையில் பாறை உருண்டால் ஜே.சி.பி. வந்து தள்ளிவிடும், அங்கே அள்ளுவதற்கு ஆளில்லை. 2022 டிசம்பரில் இத்தகைய சோதனைகளைக் கைவிடக் கோரும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபையில் 155 நாடுகள் ஆதரித்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. நாம் ஆதரித்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

உங்கள் டிவிக்கும், மழைமேகத்தைப் படமெடுக்கும் இன்சாட் செயற்கைக்கோள்களுக்கும் இடம் 36,000 கிலோமீட்டர் உயரம். ஜி.பி.எஸ். 20,000 கிலோமீட்டரில் சுற்றுகிறது. இதுவரை உடைக்கப்பட்டவை எல்லாம் இவற்றுக்கு வெகு கீழே. ஆகவே ஏவுகணையைவிட, அலைவரிசையைக் குழப்புவதும் கணினி வழித் தாக்குதலும்தான் அருகிலுள்ள ஆபத்து. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் போர் தொடங்கிய வேளையில் செயற்கைக்கோள் இணையச் சேவை ஒன்று தாக்கப்பட்டது. செயற்கைக்கோளுக்குச் சேதமில்லை, தரையிலிருந்த மோடம்கள் செத்தன. ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது.

உங்கள் மகன் வழி வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ஜி.பி.எஸ். குழம்பினால் அதிலும் இருக்குமிடம் தெரியாது; மூடுபனியில் எந்தப் பிரிவில் திரும்புவது என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். வீட்டில் பேட்டரி ரேடியோ ஒன்று இருக்கட்டும். மாவட்டப் பேரிடர் எண் 1077-ஐச் சுவரில் எழுதுங்கள்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். அதனால் ஒரு மழைமானியும் வாங்குங்கள். மரநிழலும் கூரைச் சாரலும் படாத இடத்தில் நட்டு, தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து நோட்டில் குறியுங்கள். வானிலைத் துறையும் அதே நேரத்தில்தான் அளக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.