கேள்வி நேரம்: யார் மூத்த எம்.பி.?

கேள்வி: மக்களவைக்கு அதிக முறை தேர்வானவர் வாஜ்பாய்தானே?

பதில்: இல்லை. அவர் 10 முறை. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் இந்திரஜித் குப்தா 11 முறை. 1960 இடைத்தேர்தலில் நுழைந்தவர், 1977-ல் மட்டும் தோற்று, 1980-ல் திரும்பி வந்து 2001-ல் இறக்கும்வரை உறுப்பினராக இருந்தார். வாஜ்பாய் மாநிலங்களவையில் இருமுறை இருந்தது தனிக் கணக்கு.

கேள்வி: 8 முறை வென்ற காங்கிரஸின் கொடிக்குன்னில் சுரேஷ் இருக்க, 2024-ல் 7 முறை வென்ற பாஜகவின் பர்த்ருஹரி மஹ்தாபைத் தற்காலிக சபாநாயகராக்கியது முறையா?

பதில்: சட்டப்படி தவறில்லை. பழைய சபாநாயகரின் பதவி, புதிய மக்களவையின் முதல் கூட்டத்துக்குச் சற்று முன்பு முடிகிறது. துணை சபாநாயகரும் இல்லாதபோது, அரசியலமைப்பின் 95(1) பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஓர் உறுப்பினரை நியமிக்கிறார். 'மூத்தவர்' என்ற சொல்லே அந்தப் பிரிவில் கிடையாது, அது மரபு. வேலையும் சில நாள்தான்: உறுப்பினர்களுக்குப் பதவிப் பிரமாணம், பிறகு சபாநாயகர் தேர்தல்.

அரசு சொன்ன காரணம், மஹ்தாப் 1998 முதல் தொடர்ந்து வென்றவர், சுரேஷ் 1998-லும் 2004-லும் தோற்றவர் என்பது. இங்கேதான் இடிக்கிறது. 1996, 1998, 1999 மூன்று முறையும் அந்த நாற்காலியில் அமர்ந்தவர், நடுவில் தோற்ற அதே குப்தா. தொடர்ச்சிதான் அளவுகோல் என்றால், 1967 முதல் லட்சத்தீவில் தோற்காமல் வென்றுவந்த பி.எம். சயீதுக்கல்லவா அது போயிருக்க வேண்டும்? மரபைப் பார்த்தால் சுரேஷ் பக்கமே நியாயம். மஹ்தாபுக்கு உதவ நியமிக்கப்பட்ட எதிர்க்கட்சியினரான சுரேஷ், டி.ஆர். பாலு, சுதீப் பந்தோபாத்யாய் மூவரும் அதனால்தான் ஒதுங்கிக்கொண்டார்கள்.

எண்ணிக்கையையும் அப்படியே நம்ப வேண்டாம். 1996 முதல் 1999 வரை மூன்று பொதுத்தேர்தல். 13 மாதத்தில் கலைந்த மக்களவையும் 'ஒரு முறை'தான்.

கேள்வி: ஓய்வூதியமும் வென்ற முறைக்கு ஏற்பக் கூடுமா?

பதில்: கூடாது, ஆண்டுக் கணக்குதான். 2023 ஏப்ரல் 1 முதல் மாதம் 31,000 ரூபாய். ஐந்தாண்டைத் தாண்டிய ஒவ்வோர் ஆண்டுக்கும் கூடுதலாக 2,500. ஆக, 35 ஆண்டு இருந்தவருக்கு 31,000 + (30 × 2,500) = 1,06,000 ரூபாய். இடையில் தோற்றிருந்தாலும் பாதகமில்லை, இருந்த ஆண்டுகளைக் கூட்டிக்கொள்ளலாம்.