இலைகளால் ஆன பாத்திரம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள பெரிய வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். உடல் முழுவதும் இலைகள் அடர்ந்திருக்கும் அதைச் செய்தவர் ஜப்பானியக் கலைஞர் ஹிதோமி ஹொசோனோ என்றிருந்தது. அது கிண்ணமா, சிற்பமா? (வாசகி, திருச்சி)

பதில்: கிண்ணத்தின் வடிவத்தைக் கைவிடாத சிற்பம் என்பேன். 1978-இல் கிஃபு மாகாணத்தில் பிறந்த ஹொசோனோ, கனசாவாவில் படித்தபோது குதானி மரபில் பயிற்சி பெற்றார். அது, பாத்திரத்தின் மேல் பளிச்சென்ற வண்ணங்களால் சித்திரம் தீட்டும் மரபு. பின்னர் கோபன்ஹேகனிலும், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டிலும் படித்து, 2009-இல் முதுகலைப் பட்டம் பெற்று, லண்டனிலேயே தங்கிப் பணியாற்றத் தொடங்கினார். அவருடைய இப்போதைய முறைக்கு வித்திட்டது, 1770-களில் இங்கிலாந்துக் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட் உருவாக்கிய ஜாஸ்பர் பாண்டங்கள்தான். நீலப் பரப்பில் வெள்ளை உருவங்கள் புடைத்து நிற்கும் அந்தப் பாண்டங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உருவங்களைத் தனியே அச்சில் எடுத்துப் பாத்திரத்தில் ஒட்டுவது அந்த வேலைப்பாட்டின் அடிப்படை. அங்கே உருவங்களுக்கு இடையில் நீலப் பரப்பு தெரியும். ஹொசோனோவோ இலைமேல் இலையாக ஒட்டிக்கொண்டே போய், அடியில் சக்கரத்தில் வனைந்த பாத்திரம் கண்ணுக்கே படாதபடி செய்துவிடுகிறார். அலங்காரம் மேற்பூச்சாக நில்லாமல் பாத்திரத்தின் உடலாகவே ஆகிவிடுவதால்தான் சிற்பம் என்ற சொல்லை நான் தயங்காமல் பயன்படுத்துகிறேன்.

கேள்வி: எல்லா இலைகளும் அச்சில் எடுத்தவை என்றால் அதில் கைவேலை எங்கே இருக்கிறது? இவ்வளவு மெல்லிய இலைகள் விரிசல் விடாமல் எப்படித் தாங்குகின்றன? (வாசகர், கோவை)

பதில்: அச்சு தொடக்கம் மட்டுமே. செடிகளைக் கூர்ந்து பார்த்து வரைந்து, இலையின் மாதிரியைக் களிமண்ணில் செதுக்கி, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுக்கிறார். அச்சில் அழுத்தி எடுத்த ஒவ்வோர் இலையையும், ஈரம் காயும் முன் மீண்டும் செதுக்கி, நரம்பையும் ஓரத்துப் பற்களையும் கூராக்குகிறார்; ஒரே அச்சில் பிறந்த இரண்டு இலைகள் அச்சாக ஒன்றுபோல் இல்லாததற்கு இதுவே காரணம். (அச்சு என்றதும் ஆலை உற்பத்தியை நினைப்பது நம் காலத்துப் பழக்கம்.)

உண்மையான சோதனை காயும்போதுதான். பீங்கான் மண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். இலையின் நுனி விரைவில் உலர்ந்துவிட, பல அடுக்கு இலைகளுக்கு அடியில் இருக்கும் பாத்திரம் ஈரமாகவே இருந்தால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கி, ஒட்டிய இடத்தில் வெடிப்பு விழும். ஆகவே பெரிய படைப்புகளை மாதக்கணக்கில் மெல்ல உலரவிட்ட பிறகே சூளையில் வைக்கிறார்.

கேள்வி: பளபளப்பு ஏன் இல்லை? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: சூளையில் கண்ணாடிபோல் உருகும் மெருகுப் பூச்சு பள்ளங்களில் தேங்கி, கூராகச் செதுக்கிய நரம்புகளை மழுங்கடித்துவிடும். பூச்சில்லாத பரப்பில், ஒளியும் நிழலுமே கோடுகளை எடுத்துக்காட்டுகின்றன. ஆனால் எல்லாமே வெறும் வெண்மை அல்ல. சில படைப்புகளின் உட்புறத்தில் தங்க ரேக்கு ஒட்டியிருக்கிறார்.