20ஆம் திகதியே சம்பளம் தீர்ந்தால்...

தம்பி, வவுனியாவிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து மூன்று மாதம், 20ஆம் திகதியே சம்பளம் தீர்ந்துவிடுகிறது, வீட்டில் கேட்க வெட்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் சம்பளச் சிட்டையைப் பாருங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உங்களிடம் 8 வீதம் கழிப்பார்கள். நிறுவனம் தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். அது தொலைந்த பணமல்ல.

ஓட்டை சாப்பாட்டில்தான் இருக்கும். நானும் இரவுதோறும் கொத்து ரொட்டி வாங்கியவன். பிறகு ரைஸ் குக்கர் வாங்கினேன். முதல் நாள் தண்ணீர் கூடிச் சோறு கஞ்சியானது. தேங்காய்ச் சம்பலோடு அதையும் விடவில்லை.

அறை வாடகையைச் சம்பள நாளன்றே கொடுத்துவிடுங்கள். காலி வீதியில் ஆட்டோ எதற்கு? 100, 101ஆம் இலக்க பஸ்கள் ஓடுகின்றன. இம்மாதம் மட்டும் அம்மாவிடம் கேளுங்கள். வீட்டில் இடித்த மிளகாய்த்தூளும் அனுப்பச் சொல்லுங்கள்.