பிரித்தானியாவில் 40 வருடம் தாண்டிய, மாற்றங்கள் செய்த பழைய காருக்கு எம்.ஓ.ரி. என்ற வருடாந்த வாகனத் தகுதிச் சோதனை தேவையில்லை என்பது உண்மையா?

அரைவாசி உண்மை. நீங்கள் ஏற்கெனவே ஒரு காரைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டீர்கள், விற்கிறவர் "இதுக்கு எம்.ஓ.ரி. தேவையே இல்லை" என்று சொல்லியிருக்கிறார், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2019இல் என்னிடமும் அதைச் சொல்லித்தான் விற்றார்கள்.

சட்டம் இதுதான். 2018 மே 20 முதல், 40 வருடம் தாண்டிய கார்களுக்கு வருடாந்தச் சோதனை கட்டாயமில்லை. அதற்கு முன் 1960க்கு முற்பட்ட வாகனங்களுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை இருந்தது. ஆனால் கடந்த 30 வருடத்துக்குள் காரில் 'கணிசமான மாற்றம்' செய்திருந்தால் சலுகை இல்லை. சேஸிஸ் அல்லது பொடியின் கட்டமைப்பு, சஸ்பென்ஷனும் ஸ்ரேரிங்கும் வேலை செய்யும் முறை, எஞ்சின் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் விலக்குகள் உண்டு. அதே அடிப்படை எஞ்சினின் பெரிய கொள்ளளவைப் போட்டால் அது கணிசமான மாற்றம் ஆகாது. பாதுகாப்புக்காக அச்சிலும், சஸ்பென்ஷன், பிறேக் போன்ற ஓடும் பாகங்களிலும் செய்த முன்னேற்றமும் ஆகாது. அந்தக் கார் உற்பத்தியில் இருந்தபோதோ, உற்பத்தி நின்று பத்து வருடத்துக்குள்ளோ வழக்கத்தில் இருந்த மாற்றம் என்று காட்ட முடிந்தால் அதுவும் பரவாயில்லை.

என்னுடையது 1967 மொறிஸ் மைனர். 1098 சிசி எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதே ஏ சீரிஸ் குடும்பத்தின் 1275 போட்டிருந்தார்கள். முன்னுக்கு டிஸ்க் பிறேக். போர்ட் காரின் ஐந்து கியர் பொக்ஸ். மேலே சொன்ன கணக்கில் எதுவும் சலுகையைப் பறிக்காது. பதிவுப் புத்தகத்தில் மட்டும் இன்னும் 1098 என்றே இருந்தது, அதை வாகனப் பதிவுத் திணைக்களமான டி.வி.எல்.ஏ.க்கு அறிவித்துத் திருத்தினேன். பிறகு தபாற்கந்தோருக்குப் போய், வி112 படிவத்தில் 'இந்த வாகனத்துக்குச் சோதனை விலக்கு உண்டு' என்று கையெழுத்துப் போட்டேன். ஒருவரும் காரை எட்டிப் பார்க்கவில்லை. கையெழுத்து என்னுடையது, பொறுப்பும் என்னுடையது. அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

இந்தக் கார்மேல் எனக்கு ஏன் இவ்வளவு பற்று என்றால், எங்கள் ஐயா யாழ்ப்பாணத்தில் ஓஸ்ரின் ஏ40 வைத்து ஹயர் ஓடியவர். எரிபொருள் தடைக் காலத்தில் சில சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய கார் அது. எந்தச் சட்டமும் சோதனையும் எட்டிப் பார்க்காத அந்த நாட்களிலும், வெள்ளிக்கிழமை காலை காருக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்து, ஒவ்வொரு நிப்பிளாகத் தேடிக் கிறீஸ் அடிப்பார். நான் பக்கத்தில் குந்தியிருந்து துணி எடுத்துக் கொடுப்பேன்.

2021 ஒக்ரோபரில், ஹரோவில் ஒரு கடைத் தரிப்பிடத்திலிருந்து காரை றிவேர்ஸில் எடுத்தேன். ஸ்ரேரிங்கை முழுதாக வளைத்திருந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். இடப்பக்கம் அப்படியே இறங்கியது. பக்கத்தில் இருந்த மகள் "அப்பா, சில்லு கழண்டிட்டுது" என்று கத்தினாள். இறங்கிப் பார்த்தால் முன் சில்லு மட்காட்டுக்குக் கீழே மடிந்து கிடந்தது.

மைனர் வைத்திருக்கிற எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். முன் சில்லைத் தாங்கும் தூணின் இரண்டு முனையும் மரை வெட்டியவை, அவை ட்றனியன் என்ற பாகத்துக்குள் திரும்பும். கிறீஸ் போகாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் தூண் கழன்று சில்லு விழுந்துவிடும். ஸ்ரேரிங்கை அதிகம் வளைக்கிற நேரத்தில், மெதுவாகப் போகும்போது விழுவதுதான் வழக்கம். எனக்கும் அப்படித்தான். அன்று காலை ஏ40 வீதியில் மணிக்கு 60 மைலில் வந்திருந்தோம். அதை இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அன்றிரவு அரச இணையத்தளத்தில் என் பதிவு இலக்கத்தைப் போட்டுப் பழைய சோதனை வரலாற்றைப் பார்த்தேன். இலவசம், இரண்டு நிமிட வேலை, வாங்கும்போதே செய்திருக்க வேண்டியது. கடைசிச் சோதனை 2018 ஏப்ரல். சித்தி. அதன் கீழே எச்சரிக்கைக் குறிப்பு: இடப்பக்க முன் சஸ்பென்ஷன் மூட்டில் ஆட்டம். அடுத்த மாதம் சலுகை வந்தது, அதன் பிறகு அந்தக் காரை ஒருவரும் தூக்கிப் பார்க்கவே இல்லை. நானும்தான். இரண்டு வருடம் கிறீஸ் துப்பாக்கியைத் தொடாமல் ஓடியிருக்கிறேன்.

"சட்டம் கேட்காததை ஏன் செய்யச் சொல்கிறாய்" என்று யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். நான் சட்டத்தரணி அல்ல, உங்களைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஆனால் விலக்கு என்பது சோதனைக்குத்தான். கார் வீதிக்கு ஏற்ற நிலையில் இருக்க வேண்டும் என்ற கடமைக்கு விலக்கே கிடையாது. ஆபத்தான நிலையில் ஓட்டிப் பிடிபட்டால் 2,500 பவுண் வரை தண்டமும் மூன்று புள்ளியும். விருப்பத்தின் பேரில் சோதனைக்குக் கொண்டுபோனால் அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண். "எனக்குக் காரைத் தெரியும்" என்பவர்களுக்கு: எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், மனதில் கிடக்கிறது. இப்படி ஒரு கார் வீட்டில் நின்றால் சொந்தக்காரர் எல்லோருக்கும் அது கலியாணக் கார். ஒரு கலியாணத்தில் பூமாலையைச் செலோரேப்பால் பொனற்றில் ஒட்டி, இழுத்துக் கழற்றியபோது பெயின்ற் கையோடு வந்தது. கறள் வெட்டி, ஒட்டி, மாதக்கணக்கில் தேய்த்து அடித்த பெயின்ற். "அண்ணை, பழைய கார்தானே" என்றார்கள். ஒரு மன்னிப்புக்கூட இல்லை. இன்னொருவர் காசு தருகிறேன், மாதத்துக்கு இரண்டு கலியாணம் பிடித்துத் தருகிறேன் என்று வந்தார். வாடகைக்கு ஓடினால், 40 வருடம் தாண்டிய காருக்கு உள்ள வாகன வரிவிலக்குப் போய்விடும். அந்த விலக்கின் வகையில் பதிந்திருப்பதால்தான் 2023 ஓகஸ்டில் லண்டன் முழுவதுக்கும் விரிந்த, புகை கூடிய வாகனங்களுக்கான யூலெஸ் கட்டணம், நாளுக்கு 12.50 பவுண், எனக்கு இல்லை. இதைச் சொன்னால் பெருமை பேசுகிறேன் என்கிறார்கள்.

நீங்கள் பார்த்த காருக்கு வருவோம். முதலில் பதிவு இலக்கத்தைப் போட்டு வரலாற்றைப் பாருங்கள். என்ன மாற்றினார்கள், எப்போது, பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். மைனரின் முன் ரோர்ஷன் பாரை (ஸ்பிறிங்குக்குப் பதிலாக முறுகிச் சில்லைத் தாங்கும் கம்பி) எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிறிங் போட்டிருந்தால் அது சஸ்பென்ஷன் வகையையே மாற்றுவது. பாதுகாப்பு முன்னேற்றம் என்று வாதாடலாம், நான் என்றால் அந்த வாதத்தை நம்பிக் கையெழுத்துப் போடமாட்டேன், சோதனை எடுப்பேன். காப்புறுதிக்கு ஒவ்வொரு மாற்றத்தையும் எழுத்தில் சொல்லுங்கள். வாங்குவதற்கு முன் சோதனை எடுத்துத் தரச் சொல்லுங்கள். 55 பவுணுக்கும் குறைந்த செலவுக்கு விற்கிறவர் தயங்கினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

நான் இப்போது ஒவ்வொரு ஏப்ரலிலும் கொண்டுபோகிறேன். சோதிப்பவர் முன்பக்கத்தைத் தூக்கி, சில்லுக்கு அடியில் கம்பியைக் கொடுத்து நெம்பும்போது பக்கத்தில் நின்று பார்ப்பேன். வெள்ளிக்கிழமைகளில் மகள் துணி எடுத்துத் தருகிறாள்.