துறைமுகத் தொழிலாளர் சங்கங்கள் ஊழலில் ஊறியதற்குச் சங்கம் என்ற அமைப்பே காரணமா?

நியூயார்க் துறைமுகத்தின் வரலாற்றைப் படித்துவிட்டு, சங்கம் என்று ஒன்று இருந்தாலே ஊழலும் அடிதடியும் வந்துவிடும் என்ற எண்ணத்தில் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கிய ஒருவரின் பேரன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தாத்தா வேலைக்குச் சேர்ந்த காலத்தில், விடிவதற்கு முன்பே துறைமுக வாயிலில் கூட்டம் கூடிவிடும்; மேஸ்திரி யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்குத்தான் அன்றைக்கு வேலை. மாலையில் கூலியில் ஒரு பங்கை மேஸ்திரியின் ஆளிடம் கொடுக்காதவர்மீது மறுநாள் அவருடைய பார்வையே படாது. பாட்டியின் மூக்குத்தி அடகுக் கடைக்குப் போனது அப்படிப் பங்கு கொடுக்க முடியாமல் வேலை கிடைக்காத நாட்களில்தான். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின்படி தொழிலாளர் வாரியம் அமைந்து, பதிவு பெற்றவர்களுக்கு முறை வைத்து வேலை கொடுக்கத் தொடங்கிய பிறகே மேஸ்திரியின் பிடி தளர்ந்தது.

நியூயார்க்கிலும் இதே வழக்கம்தான். பங்கு கொடுக்கச் சம்மதிப்பவர் அதற்கு அடையாளமாகக் காதில் பல்குத்தும் குச்சியைச் செருகிக்கொண்டு நிற்பாராம். 1927 முதல் அங்கிருந்த துறைமுகத் தொழிலாளர் சங்கமான ஐ.எல்.ஏ.வின் தலைவராக இருந்த ஜோசப் ரயான் இந்த முறையைக் கடைசிவரை காப்பாற்றினார். அதை எதிர்த்துப் புரூக்ளினில் ஆட்களைத் திரட்டிய பீட்டர் பான்டோ என்ற இளைஞர் 1939 ஜூலையில் காணாமல் போனார். 1941இல் நியூ ஜெர்சியில் ஒரு சுண்ணாம்புக் குழியில் அவருடைய உடல் கிடைத்தது.

அதே ஐ.எல்.ஏ.வின் அமெரிக்க மேற்குக் கரைக் கிளைகள் 1934இல் வேலைநிறுத்தம் செய்து, சான் பிரான்சிஸ்கோவில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவரைப் பறிகொடுத்து, முறை வைத்து வேலை பங்கிடும் கூடத்தைப் பெற்றன. அந்தக் கூடத்திலிருந்து வேலைக்கு ஆட்களை அனுப்புபவரைச் சங்கமே தேர்ந்தெடுத்தது. 1937இல் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையில் அவை தனிச் சங்கமாகப் பிரிந்தன. நியூயார்க்கைப் போன்ற ரவுடிகளின் ஆட்சி அங்கே வேரூன்றவில்லை. சங்கம்தான் நோய் என்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

ரயானின் கூட்டத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ண வேண்டாம். 1953இல் அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான ஏ.எஃப்.எல்.லே ஐ.எல்.ஏ.வை வெளியேற்றிப் போட்டிச் சங்கம் ஒன்றை நிறுத்தியது. அப்போதும் தேர்தலில் பழைய சங்கமே சொற்ப வாக்குகளில் வென்றது. அந்த ஆண்டில்தான் நியூயார்க், நியூ ஜெர்சி மாநிலங்களின் கூட்டு ஆணையம் வாயிலில் ஆள் பொறுக்கும் முறைக்கு முடிவு கட்டியது. ஆனால், சரக்கு ஏற்றும் நிறுவனங்களிடமிருந்து ரயானுக்குப் பணம் போய்க்கொண்டிருந்ததும் அரசு விசாரணையில் வெளிவந்தது. வாங்கியவரைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவர்கள், கொடுத்தவர்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.