வால்வு ஆம்ப், கதகதப்பான ஒலி – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய இசைத்தட்டுகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் டர்ன்டேபிள் வாங்கினேன். என் டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் நாகஸ்வரம் காதைக் குத்துகிறது. வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்பில் ஒலி கதகதப்பாக இருக்கும் என்கிறார்கள். 300பி வால்வு போட்ட சிங்கிள் எண்டட் ஆம்ப் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் வைக்க எந்த ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) பொருந்தும்? சிடியும் கேட்பேன். ஸ்பீக்கரின் பின்னால் 86 டெசிபல் என்று போட்டிருக்கிறது.

கோவை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசியாக எழுதிய அந்த 86-ஐத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 86 டெசிபல் வரும் என்று அர்த்தம். சிங்கிள் எண்டட் 300பி, அதாவது ஒரு பக்க ஸ்பீக்கருக்கு ஒரே அவுட்புட் வால்வு, சுமார் 8 வாட் தரும். அதனால் கூடுவது 9 டெசிபல், 95-இல் முடிந்துவிடும். நீங்கள் உட்காரும் இடத்தில் இன்னும் குறையும். வீணைக்குப் போதும். தவில்காரர் ஓங்கி அடிக்கும்போது அந்த அடி மழுங்கிவிடும்.

ஸ்பீக்கரை மாற்றும் எண்ணம் இல்லையென்றால் இஎல்34 வால்வுகள் ஜோடியாக, ஒன்று தள்ள ஒன்று இழுக்க வேலை செய்யும் புஷ்-புல் ஆம்ப் வாங்குங்கள், 30, 35 வாட் கிடைக்கும். மனம் 300பி மீதே நிற்கிறதென்றால் 95 டெசிபல் ஸ்பீக்கருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

சரி, கதகதப்பு. 300பி போன்ற ட்ரையோடு வகை வால்வு சிங்கிள் எண்டட்டில் தன் பங்குக்குச் சேர்ப்பது பெரும்பாலும் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது மூல ஸ்வரத்தின் இருமடங்கு அதிர்வெண். பாடகர் ஸட்ஜத்தில் நின்றால் மேல்ஸ்தாயி ஸட்ஜமும் மெல்லக் கூடவே ஒலிக்கும். சுருதி சேர்ந்த ஒலி என்பதால் காதுக்கு அது பிழையாகப் படுவதில்லை, குரலில் சதை பிடித்தது போலிருக்கும். புஷ்-புல்லின் அவுட்புட் வால்வுகளில் இந்த இரண்டாம் ஹார்மோனிக் பெருமளவு அடிபட்டுப்போகும். மிஞ்சுவது மூன்றாவது, அதாவது மேல்ஸ்தாயி பஞ்சமம். ப்ரீஆம்ப்புக்கு இங்கேதான் வேலை. 6எஸ்என்7 வால்வு போட்ட ப்ரீஆம்ப் அந்த ஸட்ஜத்தைக் கொஞ்சம் திரும்பக் கொண்டுவரும். அதன் பெருக்கம் 20 தான். 12ஏஎக்ஸ்7-க்கு 100. சிடி ப்ளேயரே 2 வோல்ட் தரும்போது அவ்வளவு எதற்கு? வால்யூமைத் தொட்டாலே அலறும், இரைச்சலும் ஏறும். இசைத்தட்டு ஊசியிலிருந்து வருவதோ சில மில்லிவோல்ட். அதற்குத் தனி ஃபோனோ ஸ்டேஜ் வேண்டும், 12ஏஎக்ஸ்7 அங்கே இருக்கலாம். ஊசி தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தேய்ந்த ஊசியின் கீறலை எந்த வால்வும் மறைக்காது.

வால்வின் பெயரைவிட, வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் முக்கியம். நான் முதலில் வாங்கிய ஆம்ப்பில் நல்ல வால்வுகள், ஆரஞ்சு வெளிச்சத்தில் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் மிருதங்கத்தின் தொப்பி ஈரத்துணியில் தட்டியது போல் கேட்டது. வால்வை மாற்றி மாற்றிப் பணம் போனதுதான் மிச்சம். ஒருநாள் மேல்மூடியைக் கழற்றினால், உள்ளே உள்ளங்கையில் அடங்கும் டிரான்ஸ்ஃபார்மர். சின்ன இரும்பால் கீழ்ஸ்தாயியைத் தாங்க முடியாது. கடையில் ஆம்ப்பைத் தூக்கிப் பாருங்கள், இரு கையாலும் சிரமப்பட்டுத் தூக்க வேண்டும். மூடியை மட்டும் நீங்கள் கழற்ற வேண்டாம். உள்ளே 400 வோல்ட் ஓடும், அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் நிற்கும்.

அப்புறம், 220 வோல்ட்டுக்குச் சுற்றிய செட்டைத் தவிருங்கள். நம் லைனில் 240 வரும்போது வால்வின் ஆயுள் குறையும். பின்னால் 4 ஓம், 8 ஓம் என்று இரண்டு இணைப்புகள் இருக்கும். இரண்டிலும் மாட்டிக் கேளுங்கள், அந்த வித்தியாசத்துக்குக் காசு கிடையாது. கடைக்கு உங்கள் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு போங்கள், தவில் தனி உள்ள தட்டு ஒன்றோடு.