ஹைலா, ஹிப்சிபோவாஸ், போவானா: ஒரே மரத்தவளைக்கு ஏன் மூன்று பேரினப் பெயர்கள்?

ஒரே மரத்தவளைக்குப் புத்தகத்துக்குப் புத்தகம் பேரினப் பெயர் (நெருங்கிய இனங்களின் தொகுதிக்கு வைக்கும் பெயர்) மாறுகிறதே, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது செல்லுபடியாவது போவானா. குடும்பம் ஹைலிடே.

ஒரு காலத்தில் ஹைலா என்பது எந்த மரத்தவளையையும் போட்டுவைக்கும் சாக்குமூட்டை போல இருந்தது. 2005-ல் ஃபைவோவிச் என்ற தவளை ஆய்வாளரும் சகாக்களும் டிஎன்ஏ அடிப்படையில் அதைப் பிரித்தார்கள். மத்திய, தென் அமெரிக்க வெப்பமண்டலத் தவளைகளின் ஒரு பெரிய கூட்டம் அப்போது ஹிப்சிபோவாஸ் ஆனது. அது 1830-ல் வாக்லர் என்ற விலங்கியலாளர் வைத்த பெயர்.

சிக்கல் என்னவென்றால், இதே கூட்டத்துக்குப் பொருந்தும் போவானா என்ற பெயரை கிரே என்ற விலங்கியலாளர் 1825-லேயே வைத்துவிட்டார். முந்திய பெயருக்கே முன்னுரிமை என்பது விலங்குப் பெயரிடல் விதி. 2017-ல் டுபுவா என்ற ஆய்வாளர் இதை எடுத்துக்காட்ட, பெயர் போவானா என்று மாறியது. அதாவது 2005-ல் நடந்தது உண்மையான வகைப்பாட்டு மாற்றம். 2017-ல் நடந்தது வெறும் பெயர்த் திருத்தம். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அப்புறம், இவற்றில் சில இனங்களைக் கிளேடியேட்டர் தவளைகள் என்பார்கள். ஆண்களின் கட்டைவிரல் பக்கம் கூரான எலும்பு முள் உண்டு. முட்டையிடச் சேற்றில் குழி அமைத்து, அதற்காகச் சாகும்வரைகூடச் சண்டை போடும்!